பக்கத்து வகுப்புச் சத்தம்

கதிரவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கடிதம் போட்டிருக்கிறாள். தரம் ஏழில் படிக்கிறாளாம். கொப்பித் தாளைக் கிழித்து இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, கடைசியில் இரண்டு கேள்விகளுக்கு இலக்கம் போட்டிருக்கிறாள்.

முதல் கேள்வி இது: “மாமா, எங்கட அம்மப்பா பின்னேரத்தில றேடியோ கேட்பார். பக்கத்து வீட்டு அண்ணா மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினா றேடியோவுக்குள்ள கரகரவெண்டு சத்தம் வரும். அவர் சந்தி தாண்டினதும் நிண்டிடும். ரெண்டுக்கும் இடையில வயர் ஒண்டும் இல்லையே, எப்பிடி?”

இரண்டாவது: “கனடாவில இருந்து வந்த பெரியம்மா சொன்னா, பிளேனுக்குள்ள போனை விமானப் பயன்முறையில போடச் சொல்லுவினமாம். இந்தச் சின்னப் போன் அந்தப் பெரிய பிளேனை என்ன செய்யும்?”

கெட்டிக்காரி! ‘வயர் ஒன்றும் இல்லையே’ என்று கேட்டாய் பார், அந்த ஒரு வரிக்கே உனக்கு ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தரலாம். நீ இரண்டு கேள்வி என்று இலக்கம் போட்டிருக்கிறாய். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன். மற்றப் பிள்ளைகளும் கிட்ட வந்து உட்காருங்கள்.

முதலில் மோட்டார் சைக்கிள்.

அதன் எஞ்சினுக்குள் ‘பிளக்’ என்றொரு சாமான் இருக்கிறது. உன் சுண்டுவிரல் நீளம்தான். அதன் நுனியில் ஒரு சின்ன இடைவெளி, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. பெற்றோலும் காற்றும் கலந்து வரும்போது அந்த இடைவெளியில் தீப்பொறி பாயும். அது பாய வேண்டுமென்றால் பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் வேண்டும். எஞ்சின் ஓடும் வரைக்கும் தீப்பொறி பாய்ந்துகொண்டே இருக்கும்.

தீப்பொறி வெளிச்சம் தரும், சூடு தரும் என்று உனக்குத் தெரியும். அது இன்னொன்றும் தரும். கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலை.

இதை ஆய்வுகூடத்தில் முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர் ஹைன்ரிச் ஹேர்ட்ஸ் என்ற ஜேர்மன் விஞ்ஞானி. 1887ஆம் ஆண்டு. அறையின் ஒரு பக்கத்தில் தீப்பொறி பாய வைத்தார். மற்றப் பக்கத்தில் ஒரு கம்பி வளையம் இருந்தது. அதை எதனோடும் இணைக்கவில்லை. ஆனாலும் வளையத்தில் விட்டிருந்த சின்ன இடைவெளியில் குட்டித் தீப்பொறி மினுங்கியது! வயர் இல்லாமல் மின்சாரத்தின் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. வானொலி பிறந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

அப்படியென்றால் பக்கத்து வீட்டு அண்ணாவின் மோட்டார் சைக்கிள் என்ன? அது ஒரு குட்டி வானொலி நிலையம். பாட்டும் செய்தியும் சொல்லத் தெரியாது. ‘கரகர’ என்று மட்டும் சொல்லத் தெரியும். அம்மப்பாவின் றேடியோ பாவம், காதில் விழுகிறதையெல்லாம் நமக்குச் சொல்கிறது.

விளங்குதா? இதுவரைக்கும் சரியென்றால் மேலே போவோம்.

உன் ஊர்ப் பெயரைக் கவனித்தாயா? அதில் கதிரும் இருக்கிறது, வெளியும் இருக்கிறது. இப்போது கதிரவெளிக் கடற்கரையில் நீ நிற்கிறாய் என்று வை. உன்னைச் சுற்றியுள்ள வெளியில் எத்தனை அலைகள் போய்க்கொண்டிருக்கின்றன தெரியுமா? கொழும்பு வானொலி, இரவானால் தமிழ்நாட்டு வானொலி, கோபுரங்களிலிருந்து வரும் போன் அலை, கடலுக்குப் போன வள்ளத்தின் தொடர்புக் கருவி, வானத்துச் செயற்கைக்கோள், தொலைவில் கடலுக்கு மேல் மின்னும் மின்னல். அத்தனையும் உன்னைத் தாண்டிப் போகின்றன. உன் தலைமுடி ஒன்றுகூட அசையவில்லை.

ஆனால் றேடியோ மாதிரியான கருவிகளுக்கு அந்தச் சத்தமெல்லாம் கேட்கும். அதுதான் தொல்லை.

இனி உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு நீட்டு மண்டபம் இருக்கும். அதற்குள் மூன்று நான்கு வகுப்புகள். நடுவில் சுவர் இருக்காது. மிஞ்சினால் ஒரு பலகைத் தட்டி.

நீ ஏழாம் வாய்பாடு சொல்கிறாய். “ஏழு எட்டு ஐம்பத்தாறு...” தட்டிக்கு அந்தப் பக்கம் தரம் ஆறு உரத்துக் கத்துகிறது. “எட்டு எட்டு அறுபத்துநாலு!” நீ அடுத்ததாக என்ன சொல்வாய்? “ஏழு ஒன்பது... எழுபத்திரண்டு!” ரீச்சர் உன்னைத்தான் பார்ப்பார். உனக்கு வாய்பாடு தெரியாமல் இல்லை. பக்கத்து வகுப்புச் சத்தம் உன் வாய்க்குள் புகுந்துவிட்டது.

இதைச் சரிசெய்ய என்ன செய்யலாம்? கொஞ்சம் யோசி. பிறகு படி.

அந்த வகுப்பு கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம். நீ எவ்வளவு சத்தம் வந்தாலும் மனம் சிதறாமல் இருக்கப் பழகலாம். நடுவில் நல்லதாக ஒரு தட்டி வைக்கலாம். பார்த்தாயா, மூன்றும் உனக்கே தோன்றியிருக்கும்!

பொறியியலாளர்கள் கருவிகளுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு கருவியும் அளவுக்கு மேல் சத்தம் போடக் கூடாது. மற்றது போடும் சத்தத்தில் தானும் தடுமாறக் கூடாது. ஒரே மண்டபத்தில் எல்லாம் கூடி வாழ வேண்டும். இதற்கு மின்காந்த இசைவு என்று பெயர். பொறியியலாளர்கள் பேச்சில் ‘ஈ.எம்.சி.’ எனக்கு இசைவு என்ற சொல்தான் பிடித்திருக்கிறது.

வீட்டில் இசைவு இல்லாவிட்டால் அம்மப்பாவின் செய்தியில் இரண்டு வரி போய்விடும். அவ்வளவுதான். விமானத்தில்?

உங்கள் மாவட்டத்திலேயே விமான நிலையம் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் பக்கத்தில், 1958இல் தொடங்கியது. நெடுங்காலம் விமானப் படையிடம் இருந்தது. 2016இல் மீண்டும் பொதுமக்கள் பயணத்துக்குத் திறந்தார்கள். 2018இல் அதைப் பன்னாட்டு விமான நிலையம் என்று அறிவித்தார்கள். செஸ்னா காரவன் என்ற சிறிய விமானம் அங்கே வந்து இறங்குவதுண்டு. முன்னால் ஒரே ஒரு விசிறி சுழலும், இறக்கை மேலே இருக்கும். உள்ளே ஒரு சின்ன ‘வான்’ வண்டியில் இருக்கிற அளவுக்கு ஆட்கள்.

அந்தச் சின்ன விமானத்துக்குள்ளும் எத்தனை பெட்டிகள்! விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு கதைக்க ஒரு பெட்டி. வழி பார்க்க ஒரு பெட்டி. தரையிலிருக்கும் ராடார் ‘நீ யார், எந்த உயரத்தில் இருக்கிறாய்?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பெட்டி. எரிபொருளை அளக்க, எஞ்சினைக் கண்காணிக்க, படம் காட்ட என்று இன்னும் பல. பெரிய ஜெற் விமானம் என்றால் கேட்கவே வேண்டாம்.

எல்லாம் ஒரே கூரையின் கீழ். தட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

அதிலே இரண்டு பெட்டிகளை மட்டும் கிட்ட வைத்துப் பார்ப்போம். ராடாருக்குப் பதில் சொல்லும் பெட்டி இருக்கிறதே, அது நல்ல உரத்த குரல்காரன். பதில் சொல்லும் அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான வாற்று ஆற்றலோடு கத்தும். வழி பார்க்கும் ஜீ.பி.எஸ். பெட்டியோ காது கொடுத்துக் கேட்கிறவன். செயற்கைக்கோள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அலை நம்மிடம் வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும்? ஒரு வாற்றை நூறு கோடி கோடி கூறாக்கு. அதில் ஒரு கூறு. கதிரவெளிக் கடற்கரையில் அலை இரையும்போது, மட்டக்களப்பில் யாரோ இரகசியம் பேசுவதைக் கேட்க முயல்வது போல!

கத்துகிறவனும் இரகசியம் கேட்கிறவனும் சில மீற்றர் இடைவெளியில் இருக்கிறார்கள். இருவரும் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். எனக்கு விமானத்தில் மிக அதிசயமான விஷயம் இதுதான். அது பறப்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எப்படிச் சாதித்தார்கள்? அதை உன் கையாலேயே பார்க்கலாம்.

வீட்டில் பழைய தொலைக்காட்சி அன்ரனா வயர் துண்டு கிடந்தால் எடு. எதிலும் பொருத்தியிராத வெறும் துண்டாக இருக்க வேண்டும். பெரியவர் யாரையாவது கொண்டு குறுக்கே வெட்டச் சொல். வெளியில் கறுப்புத் தோல். அதை உரித்தால் மெல்லிய கம்பிகளால் பின்னிய ஒரு வலை, காலுறை மாதிரி சுற்றிலும் போர்த்தியிருக்கும். விரலால் தள்ளினால் சுருங்கும். அதற்குள் வெள்ளைப் பிளாஸ்டிக். நட்டநடுவில் ஒரேயொரு செப்புக் கம்பி.

சேதி போவது அந்த நடுக்கம்பியில். வலை எதற்கு? வெளிச் சத்தம் உள்ளே வராமல், உள்ளே போகும் சேதி வெளியே சிந்தாமல் காக்க. விமானத்துக்குள் ஓடும் வயர்களில் பலவற்றுக்கு இப்படி வலைச் சட்டை போட்டிருப்பார்கள்.

‘வலையில் ஓட்டை இருக்கிறதே மாமா?’ என்று கேட்கிறாயா? நீ கடற்கரைப் பிள்ளை, உனக்குத் தெரியாததா! வலைக்கண் பெரிதென்றால் நெத்தலி தப்பிவிடும், பாரை அகப்படும். அலையும் அப்படித்தான். ஒவ்வொரு அலைக்கும் ஒரு நீளம் உண்டு. அம்மப்பா கேட்கும் மத்திய அலை நூற்றுக்கணக்கான மீற்றர் நீளம், திமிங்கிலம் மாதிரி. விமானி கதைக்கும் அலை ஏறத்தாழ இரண்டரை மீற்றர். போன் அலை பெரும்பாலும் ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட. அலையின் நீளத்தைவிட வலைக்கண் மிகவும் சின்னதாக இருந்தால் அலை அகப்பட்டுவிடும்.

அப்படியென்றால் ஒரு கேள்வி. பல விமானங்களின் உடம்பு முழுக்க அலுமினியம். அதுவே பெரிய வலைதானே? ஆம். ஆனால் அதில் யன்னல்கள் இருக்கின்றன. ஒரு யன்னல் ஒரு சாணைவிடக் கொஞ்சம் பெரிது. போன் அலைக்கு அது போதும்! உள்ளே இருந்து யன்னல் வழியாக நழுவி, விமானத்தின் வெளி உடம்பில் பொருத்தியிருக்கும் அன்ரனாவைத் தொட்டுவிடலாம். இதை மனதில் வைத்துக்கொள். உன் இரண்டாம் கேள்விக்கு இது தேவைப்படும்.

இன்னொரு உபாயமும் உண்டு, அழகான உபாயம். கயிறு திரிப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அது போல இரண்டு வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிடுவார்கள். வெளிச் சத்தம் ஒரு முறுக்கில் இந்தப் பக்கம் தள்ளும், அடுத்த முறுக்கில் அந்தப் பக்கம் தள்ளும். இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று கழித்துக் கிட்டத்தட்ட பூச்சியம்!

சரி, பெட்டியைச் செய்தாயிற்று. ‘இது நல்ல பிள்ளை, கத்தாது, கலங்காது’ என்று செய்தவரே சொன்னால் போதுமா? போதாது. பரீட்சை எழுத வேண்டும்.

அந்தப் பரீட்சைத் தாளுக்கு டி.ஓ.-160 என்று பெயர். ஆர்.டி.சி.ஏ. என்ற அமெரிக்க அமைப்பு அதை வெளியிடுகிறது. விமான வானொலி பற்றிக் கூடி ஆராய்வதற்காக 1935இல் தொடங்கிய அமைப்பு அது. டி.ஓ.-160 முதலில் வந்தது 1975இல். திருத்தித் திருத்தி, 2010 டிசம்பரில் ‘ஜி’ பதிப்பு வந்தது. ஐரோப்பாவிலும் அதே பரீட்சைதான், அங்கே பெயர் ஈ.டி.-14. சூடு, குளிர், அதிர்வு, தண்ணீர், தூசி, பூஞ்சணம் என்று ஏகப்பட்ட பாடங்கள் அதில் உண்டு. எல்லாவற்றையும் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். எனக்குப் பிடித்த சிலதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று திசைகாட்டிப் பரீட்சை. பெட்டியை ஒரு திசைகாட்டியின் பக்கத்தில் கொண்டுபோவார்கள். முள் ஒரு பாகை விலகும்போது எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அளப்பார்கள். விமானத்திலும் அந்தப் பெட்டியைத் திசைகாட்டியிலிருந்து அவ்வளவு தள்ளியாவது வைக்க வேண்டும். எத்தனை எளிமை பார்! உன்னிடம் ஒரு திசைகாட்டி இருந்தால் நீயும் செய்யலாம். போனை மெல்ல மெல்ல அதன் கிட்டக் கொண்டுபோ. போனின் ஒலிபெருக்கிக்குள் குட்டிக் காந்தம் இருக்கிறது. முள் தலையாட்டும்.

அடுத்தது சத்தப் பரீட்சை. இதற்கு ஒரு விசேஷமான அறை வேண்டும். வெளி அலை எதுவும் உள்ளே வரக் கூடாது. உள்ளே எழும் அலை சுவரில் பட்டுத் திரும்பவும் கூடாது. அதனால் சுவர் முழுக்க இரும்புத் தகடு. அதன்மேல் கூரான கூம்புகள், கரி கலந்த பஞ்சு போன்ற பொருளில் செய்தவை. பலாப்பழத் தோலை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, அதற்குள் நீ போய் நின்றால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும் அந்த அறை. அலை போய்க் கூம்பில் படும், பக்கத்துக் கூம்பில் படும், பட்டுப் பட்டுக் களைத்துச் சூடாகி அடங்கிவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே, சென்னை தரமணியில், சமீர் என்ற இந்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. கருவிகளின் மின்காந்த இசைவைச் சோதிப்பது அங்கே நடக்கும் முக்கியமான வேலைகளில் ஒன்று. உங்களில் யாராவது ஒருநாள் அந்த வேலைக்குப் போனால் எனக்கு எழுத மறக்காதீர்கள்.

சத்தப் பரீட்சை அறைக்குள் செப்புத் தகடு போர்த்திய மேசை. அதன்மேல் பெட்டி. விமானத்தில் எப்படி வயர் போகுமோ அப்படியே மேசையிலும் வயர். ஒரு மீற்றர் தள்ளி ஓர் அன்ரனா. பெட்டியை ஓட விட்டு அன்ரனா காது கொடுத்துக் கேட்கும். முணுமுணுப்பு எல்லைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். விமானி கதைக்கும் அலைவரிசையில் கண்டிப்பு இன்னும் கூடும். காரணம், விமானிகள் இன்றும் கதைப்பது அம்மப்பாவின் மத்திய அலையில் இருப்பது போன்ற பழைய வீச்சு மாற்ற முறையில்தான். கரகர சத்தம் அதில் இலகுவாக ஏறிவிடும்.

பிறகு முறை மாறும். இப்போது அன்ரனா கத்தும், பெட்டி கேட்கும். குரலைக் கூட்டிக் கூட்டி, அலைவரிசை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கத்தும். பெட்டியின் திரையில் ஓர் எண் துள்ளினாலும் குறித்துக்கொள்வார்கள். வாய்பாடு குழம்பினால் திரும்பப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும்.

‘வானத்தில் யார் அப்படிக் கத்தப்போகிறார்கள்?’ என்று நினைக்கலாம். உனக்கு வடக்கே திருகோணமலைப் பக்கத்தில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி ஓர் அஞ்சல் நிலையம் வைத்திருந்தது. 1980களில் தொடங்கி 2013 வரை நடத்தியது. அங்கே சிற்றலைப் பரப்பி ஒன்றின் ஆற்றல் 250 கிலோவாற்று. ஒரு போன் எவ்வளவு முக்கினாலும் 2 வாற்றைத் தாண்டாது. கணக்குப் போடு. ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் போன்கள் ஒன்றாகக் கத்துவதற்குச் சமம்! உலகம் முழுக்க இப்படி நிலையங்களும் பெரிய ராடார்களும் இருக்கின்றன. விமானம் அவற்றின் பக்கமாகவும் பறக்க வேண்டுமே. அதனால்தான் முக்கியமான பெட்டிகளுக்கு அந்தப் பரீட்சை மிகக் கடுமை.

உப்புப் பரீட்சையும் உண்டு. உங்கள் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். கடற்காற்றில் சைக்கிள் செயின் என்ன பாடுபடுகிறது! பெட்டியைச் சூடான ஒரு கூட்டுக்குள் வைத்து, உப்புத் தண்ணீரைப் பனிபோல நாட்கணக்கில் தெளிப்பார்கள். இதற்கும் அலைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. பெட்டியின் மூடியும் உடம்பும் உலோகத்தோடு உலோகம் ஒட்டியிருந்தால்தான் வலை முழுமை. நடுவில் துரு ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. வலையை எலி கடித்த மாதிரி. வாவிக்கரையில் இறங்கி ஏறும் விமானத்தைத் திருத்துகிறவர்கள் துருவைத் தேடித் தேடிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மின்னல்.

ஐப்பசி மாதத்தில் கடலுக்கு மேல் மின்னும்போது வீட்டுக்குள் இருந்து ஒன்று செய். பற்றரி றேடியோவை மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் வை. மின்னும் அதே கணம் றேடியோ ‘படக்’ என்று சொல்லும். இடிமுழக்கம் பிறகு வரும். இடையில் எண்ணு. மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். மின்னலும் ஒரு தீப்பொறிதான், ஹேர்ட்ஸின் தீப்பொறி வானளவு வளர்ந்தது.

பயணிகள் விமானம் ஒன்றை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தடவை மின்னல் தாக்குகிறது. பயப்படாதே. மூக்கிலோ இறக்கை நுனியிலோ ஏறி, அலுமினியத் தோல் வழியாக ஓடி, வால் பக்கமாக இறங்கிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வெளிச்சமும் ஒரு சத்தமும்தான்.

ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1963 டிசம்பர் 8ஆம் திகதி, அமெரிக்காவின் எல்க்டன் நகருக்கு மேல் ஒரு பான் அம் விமானத்தை மின்னல் தாக்கியது. இறக்கைத் தாங்கியிலிருந்த எரிபொருள் ஆவி பற்றிக்கொண்டது. 81 பேரும் இறந்துபோனார்கள். எழுதும்போதே மனம் கனக்கிறது. அதன் பிறகுதான் மின்னலுக்கு எதிரான விதிகள் இறுகின. இன்று விமானத்தின் வெளிப்பாகங்களைச் சோதிக்கும்போது இரண்டு இலட்சம் அம்பியர் வரைக்கும் செயற்கை மின்னலைப் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டு மின்விசிறிக்கு ஓர் அம்பியர்கூட வேண்டாம்.

இப்போது புதுத் தலைவலி ஒன்று. போயிங் 787 போன்ற விமானங்களின் எடையில் ஏறக்குறையப் பாதி, கார்பன் இழைக் கலவை. பாரம் குறைவு, பலம் அதிகம். ஆனால் அலுமினியம் மாதிரி மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் அந்தத் தோலுக்குள் மெல்லிய உலோக வலையை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். பார்த்தாயா, திரும்பவும் வலை!

களைத்துவிட்டீர்களா? கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இனித்தான் பெரியம்மாவின் போன்.

போன் எப்போதும் கோபுரத்தைத் தேடும் பிள்ளை. கோபுரம் பக்கத்தில் இருந்தால் மெதுவாகக் கதைக்கும். தூரத்தில் என்றால் குரலை உயர்த்தும். விமானம் பத்துக் கிலோமீற்றர் உயரத்துக்குப் போனதும் கோபுரங்களெல்லாம் எட்டாமல் போய்விடும். அப்போது போன் தன் முழுக் குரலில் கூப்பிடும். ஒரு போன் என்றால் பரவாயில்லை. முந்நூறு பயணிகள், முந்நூறு போன். யன்னல் வழியாக நழுவும் அலை ஞாபகம் இருக்கிறதா?

உண்மையைச் சொல்ல வேண்டும். போன் ஒன்றுதான் காரணம் என்று நிரூபணமான விமான விபத்து எதுவும் இல்லை. விமானத்துப் பெட்டிகள் கடும் பரீட்சை எழுதியவை. ஆனால் உன் பெரியம்மாவின் போன் அந்தப் பரீட்சையை எழுதவில்லை. கீழே விழுந்து, மூடி நெளிந்து, மலிவான சார்ஜரோடு வந்த போன் எப்படிக் கத்தும் என்று யாருக்குத் தெரியும்? விமானி காதில் ‘டிட் டிட் டிட்’ என்று ஓர் இரைச்சல் ஏறினால், கோபுரம் சொன்ன ஓர் எண் தவறிப்போகலாம். ஏழு ஒன்பது எழுபத்திரண்டு ஆன மாதிரி.

முன்பெல்லாம் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாக் கருவிகளையும் முழுதாக நிறுத்தச் சொல்வார்கள். 2013இல் அமெரிக்கா தளர்த்தியது. விமானங்கள் பயணிகளின் கருவிகளைத் தாங்குமா என்று சோதித்துக் காட்டிய பின், விமானப் பயன்முறையில் வைத்துப் பயணம் முழுக்கப் பயன்படுத்தலாம் என்றார்கள். பயந்து விதித்ததைச் சோதித்துத் தளர்த்தினார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

சத்தம் தரையிலிருந்தும் வரலாம். பெரிய விமானத்தில் ஒரு பெட்டி தரையை நோக்கி அலையை விட்டு, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு உயரம் சொல்லும். கிணற்றுக்குள் ‘ஓய்’ என்று கூப்பிட்டு ஆழம் பார்ப்பது போல. அதற்கு ஒதுக்கியிருப்பது 4.2 முதல் 4.4 கிகாஹேர்ட்ஸ் வரை. புதிய 5ஜி போன் அலைகள் சில அதற்குக் கொஞ்சம் கீழே வந்து குடியிருக்கத் தொடங்கின. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. விமான நிலையங்களின் அருகே 5ஜி கோபுரங்களைச் சிலகாலம் ஓட விடாமல் வைத்தார்கள். அதே ஆண்டு இந்தியாவும் ஒரு விதி போட்டது: ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீற்றர் வரைக்கும், நடுக்கோட்டிலிருந்து 910 மீற்றர் வரைக்கும் அந்த வகைக் கோபுரம் கூடாது. பக்கத்து வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வந்தால் தட்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும் அல்லவா?

இனி நீங்களே செய்து பார்க்க ஒன்று. அம்மாவிடம் கேட்டு மூடியுள்ள ஓர் அலுமினியப் பானையை எடுங்கள். பற்றரி றேடியோவை மத்திய அலையில் வைத்து உள்ளே இறக்கி, மூடியை மூடுங்கள். சத்தம் மங்கும், பெரும்பாலும் நிலையமே காணாமல் போகும். வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும். மூடியை எடுத்தால் பாட்டு திரும்பி வரும். பிறகு அதே றேடியோவின் பக்கத்தில் கல்குலேற்றர், எல்.ஈ.டி. டோர்ச், போன் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் எது அதிகம் கத்துகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். அதுதான் சத்தப் பரீட்சை, உங்கள் வீட்டுப் பதிப்பு.

தங்கச்சி, உன் அம்மப்பாவை நான் மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் பிளக்குகளில் ஒரு வகை உண்டு. அதன் நடுவில் ஒரு சின்ன மின்தடையை வைத்திருப்பார்கள். தீப்பொறி பாயும், எஞ்சின் ஓடும், ஆனால் ‘கரகர’ வெகுவாகக் குறைந்துவிடும். என்.ஜி.கே. பிளக் என்றால் வெள்ளைப் பீங்கானில் எழுதியிருக்கும் இலக்கத்துக்கு நடுவே ஆங்கில ‘ஆர்’ எழுத்து இருக்கும். அதுதான் அடையாளம்.

நீ கழற்றாதே, சூடாக இருக்கும். அண்ணா அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது கூடப் போ. பிளக்கைக் கழற்றியதும் கையில் வாங்கி, கரியைத் துடைத்துவிட்டு, அந்த எழுத்து இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அந்த எஞ்சினுக்குப் பொருந்தும் ‘ஆர்’ பிளக் போடலாமா என்று கராஜ்காரரைக் கேள். போட்ட பிறகு அன்று பின்னேரம் அம்மப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி கேட்டுவிட்டு, எனக்கு எழுது.